லைன்மேன் மறைந்த தேதி

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது பூக்காரி முப்பிடாதி. இந்த வருஷம் தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் வைத்து, பூவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

“ஆவுடையக்கா, ஒண்ணு சொல்வேன், மனசு சங்கடப்படக் கூடாது. உங்க வீட்டு அண்ணாச்சியோட ஆவி புளியங்குடியில அலையுதாம்.”

“யாரோட ஆவி?”

“லைன்மேன் அண்ணாச்சியோடதுதான். எங்க மதினி சொர்ணத்தாயி கண்ணால பாத்திருக்கா. மார்கழியில எலுமிச்சம்பழம் எடுக்க மார்க்கெட்டுக்குப் போனவ, பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புரோட்டாக் கடையில பாத்திருக்கா. பழ மூட்டைய அங்கனயே போட்டுட்டு ஓடியாந்தவதான். பொங்கல் வரைக்கும் காய்ச்சல். தாயத்துக் கட்டின பொறகுதான் எந்திரிச்சா.”

நீங்களே சொல்லுங்கம்மா. என் வீட்டுக்காரர் சாகவில்லை. சாகாத மனுஷருக்கு ஆவி எங்கிருந்து வரும்? சொர்ணத்தாய் பார்த்தது ஆவியை இல்லை, ஆளை. அரை வருஷத்துக்கு மேலாக நான் தேடிக்கொண்டிருக்கிற ஆளை எதிரே வைத்துக்கொண்டு, ‘வாங்க அண்ணாச்சி, அக்கா அங்க அழுதுக்கிட்டு இருக்கா’ என்று கையைப் பிடித்து பஸ் ஏற்றி விடாமல், மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், “செத்த வீட்டுல போய் எப்படிக்கா சொல்றது” என்கிறாள் முப்பிடாதி.

எனக்குக் கோபம் வராது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. ஆனால் அன்றைக்கு அர்ச்சனைத் தட்டை அவள் கூடை மேலேயே மறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சாமி சந்நிதியில் கோபப்படக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணுக்குள்ளும் முப்பிடாதிதான் நின்றாள்.

நீங்க எதுவரைக்கும் போறீங்க? தென்காசியா? அப்படியானால் நேரம் இருக்கிறது, முதலில் இருந்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் கருங்கல்பேரி. இந்த பஸ் ஊருக்குள் வராது. விலக்கில் நின்று நான் கைகாட்டி ஏறினேனே, அங்கேயிருந்து உள்ளே போக வேண்டும். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பெயரை நான் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, லைன்மேன் வீடு என்று கேட்டால் எங்கள் ஊரில் நாய்கூட வழி காட்டும்.

தங்கமான மனுஷர். அதிர்ந்து பேச மாட்டார். பேசவே மாட்டார் என்று வைத்துக்கோங்க. கல்யாணமான புதுசில் கொஞ்சம் பேசுவார், கம்பத்தில் ஏறி நின்று பாட்டுக்கூடப் பாடுவார். நான்தான் மெதுமெதுவாக, நல்ல விதமாக, எல்லாவற்றையும் சரி பண்ணிக் கொண்டுவந்தேன்.

முன்னே எங்கள் வீட்டில் எல்லாம் சாப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காமல் அவருக்கு விடியாது. என் மகன் குகன் பத்தாவது படிக்கும்போது மூளைக் காய்ச்சல் வந்து படுத்தான். ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். ‘பிள்ளையை எழுப்பிக் கொடு, இனி நாங்கள் அசைவத்தைத் தொட மாட்டோம், முட்டை உட்பட’ என்று. நாங்கள் என்றுதான் வேண்டினேன். சாமியிடம் பேசும்போது நான், எனக்கு என்று தனியாகப் பேசுகிற பழக்கம் என்னிடம் கிடையாது. அவரையும் சேர்த்துத்தான் எப்போதும் வேண்டுவேன். பிள்ளை எழுந்துவிட்டான். இப்போது கோயமுத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறான். அவரிடம் வேண்டுதலைச் சொன்னபோது முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “முட்டையுமா?” என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுத்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷர்.

ரிட்டயர் ஆன பிறகு வீட்டிலேயே இருந்தார். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். விடியக்காலையில் எழுப்பிவிடுவேன், குளித்துவிட்டு வந்து என்னோடு பூசையில் உட்காருவார். சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம் எல்லாவற்றுக்கும் எனக்குத் துணை. நான் என்ன பட்டினி கிடக்கிறேனோ அதே பட்டினி அவரும் கிடப்பார். ஒரு ரேடியோ வைத்திருந்தார். ஜபத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை நான் பரணில் ஏற்றிவிட்டேன். தூக்கித் தூரப் போடவில்லை, பழைய வேட்டியில் சுற்றிப் பத்திரமாகத்தான் வைத்தேன். இப்படி ஒரு குறையும் இல்லாமல் இருந்த வீடு.

போன வருஷம் ஆனி மாசத்துக் கிருத்திகை. நான் மௌன விரதம். பூசை அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன். அவர் நிலைப்படியில் வந்து நின்று என்னமோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை என்று வைத்துக்கோங்க. ‘அப்புறம்’ என்று கையைக் காட்டிவிட்டேன். நடுவில் போய்க் காது கொடுத்தால் காலையில் இருந்து உட்கார்ந்ததெல்லாம் வீணாகப் போகும், இல்லையா? அவர் நிறுத்தவில்லை. சொல்லி முடித்தார். கொஞ்சம் நின்றார். பிறகு, “வாரேன் ஆவுட” என்றார். அது மட்டும் காதில் விழுந்தது. பொழுது சாய்ந்து விரதம் முடித்து எழுந்து பார்த்தால், ஆளைக் காணோம்.

இதில் இன்னொரு கொடுமை, அன்றைக்கே எங்கள் வீட்டில் திருட்டும் நடந்திருக்கிறது. பரணில் இருந்த ரேடியோவைக் காணோம். அவருடைய கைலிகள், ஷேவிங் செட்டு, மூக்குக்கண்ணாடி, ஒரு பை, எதையும் காணோம். வெள்ளி விளக்கு வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது, அது சாமி செயல்.

அக்கம்பக்கமெல்லாம் விசாரித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை. கோமதிநாயகம் என்று ஒரு ஏட்டையா. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், அதெல்லாம் குறை சொல்ல முடியாது. கேள்வி கேட்க ஆரம்பித்தார் பாருங்க.

“லைன்மேன் அண்ணாச்சி வீட்டுல சொல்லிட்டுப் போனாரா, சொல்லாமப் போனாரா?”

“சொல்லிட்டுத்தான் போனார்.”

“என்ன சொன்னார்?”

“அது தெரியாதுங்க.”

“அம்மா, சொல்லிட்டுப் போன ஆளைக் காணலன்னு நான் எப்படிம்மா எழுதுறது?”

“சொன்னது எனக்குக் கேக்கலைங்க.”

“காது மந்தமா?”

“இல்லைங்க, மௌன விரதம்.”

“மௌனம் வாய்க்குத்தானேம்மா?”

பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரோ என்னமோ. நான் திருட்டைச் சொன்னேன். ஏட்டையா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“திருடன் வெள்ளி விளக்கை விட்டுட்டு ஷேவிங் செட்டை எடுப்பானாம்மா?”

“ஏன், திருடனுக்குத் தாடி முளைக்காதா?”

“சரி, உங்களுக்குள்ள சண்டை கிண்டை?”

“எங்களுக்குள்ள சண்டையே வந்தது கிடையாதுங்க. நான் எது சொன்னாலும் சரின்னுடுவார்.”

“ம்” என்றார். அந்த ‘ம்’ எனக்குப் பிடிக்கவில்லை. “போங்கம்மா, கோவம் தணிஞ்சா வந்துடுவாரு” என்றார். கோபமே இல்லாத மனுஷருக்குத் தணிய என்ன இருக்கிறது? நான் சொல்வதை யாராவது காதில் வாங்கினால்தானே.

இவர்களை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, போஸ்டர் அடித்து ஒட்டிவிடுவோம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளக்ஸ் கடை வைத்திருக்கிற ஜெபராஜிடம் போனேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அவன்தான். அங்கேதான் எனக்குக் கேடு காத்திருந்தது.

“பெரியம்மா, மேல பெருசா ‘காணவில்லை’ன்னு போட்டுடவா?” என்றான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆடு மாடு தொலைந்த மாதிரி, முப்பது வருஷம் ஊருக்கு வெளிச்சம் கொடுத்த மனுஷரை அப்படிப் போடலாமா? “வேண்டாம்ப்பா. மரியாதையாப் போடு. எங்களை விட்டுட்டுப் போயிட்டார், நாங்க கண்ணீரோட இருக்கோம்னு பாக்கிறவங்களுக்குத் தெரியணும். காணவில்லைங்கிறதைக் கீழ சின்னதாப் போட்டுக்க” என்றேன்.

“தேதி ஏதும் போடணுமா?”

“பிறந்த தேதியைப் போடு, வயசு தெரியும். அவர் மறைஞ்ச தேதியையும் போடு.”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்த்தவன் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போட்டோவும் நல்லதாகத்தான் கொடுத்தேன், ரிட்டயர்மென்ட் அன்றைக்கு ஆபீசில் எடுத்தது. கழுத்து நிறைய ரோஜா மாலை, தோளில் பொன்னாடை, நெற்றியில் நான் பூசி அனுப்பின விபூதி. அவர் நிறைவாக இருக்கிற படம் வீட்டில் அது ஒன்றுதான்.

போஸ்டர் எப்படி வந்தது தெரியுமா? மேலே ‘கண்ணீருடன்’. நடுவில் மாலையோடு அவர். இரண்டு பக்கமும் இரண்டு குத்துவிளக்கு எரிகிறது. விளக்கை நான் கேட்கவில்லை, அவனாகப் போட்டான். பார்க்க லட்சணமாக இருந்ததால் நானும் சும்மா இருந்துவிட்டேன். ‘எங்களை விட்டுப் பிரிந்த எங்கள் குலவிளக்கே’ என்று ஒரு வரி. தோற்றம் என்று பிறந்த தேதி, மறைவு என்று அவர் போன தேதி. எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு ஊர்கிற மாதிரி, ‘காணவில்லை, தகவல் தெரிந்தால் கூப்பிடவும்’. ஒட்டினவன் எந்தக் கவனத்தில் ஒட்டினானோ, பாதி இடத்தில் அந்த அடி வரி சாக்கடைக்குள் போய்விட்டது.

என் மேல் என்ன தப்பு, சொல்லுங்க? மறைந்தார் என்றால் கண்ணுக்கு மறைந்தார் என்றுதானே அர்த்தம்? சூரியன் மறைந்தது என்கிறோம். சூரியன் செத்தா போயிற்று?

காலையில் போஸ்டர் ஒட்டி, நான் பூசையை முடிக்கவில்லை, வாசலில் ஆள் சத்தம். அவரோடு வேலை பார்த்த பரமசிவன் முன்னே நிற்கிறார். பின்னாலே ஏழெட்டுப் பேர். கையில் ஆளுயர மாலை. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது, ஆளைக் கண்டுபிடித்து மாலை போட்டுக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறேன்.

“எப்ப மதினி எடுக்கிறீங்க?” என்றார் பரமசிவன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

தேடி எடுக்கிறதைக் கேட்கிறார் என்று நினைத்தேன். “எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறமோ அவ்வளவு நல்லது. நீங்கள்ளாம் கூட நிக்கணும்” என்றேன்.

“நிக்காம எங்க போயிடப் போறோம்” என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பந்தலுக்குச் சொல்லப் போய்விட்டார்.

அடுத்து வந்தது என் நாத்தனார் பேச்சியம்மாள், அவருடைய கூடப்பிறந்த அக்கா. தெரு முனையிலேயே ஆரம்பித்துவிட்டாள், “என் தம்பியப் பறிகொடுத்தேனே, எனக்கொரு வார்த்தை சொல்லலையே” என்று. மார்பில் அடித்துக்கொண்டே உள்ளே வந்தாள். முன்னறையைப் பார்த்தாள், பின்னறையைப் பார்த்தாள், அடுப்படியை எட்டிப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டு என்னிடம், “எங்கடி வச்சிருக்க என் தம்பிய?” என்றாள்.

“அதைத்தானே மதினி நானும் தேடுறேன்” என்றேன்.

“செத்தவனை எங்க வச்சோம்னு தெரியாம ஒரு பொம்பள இருப்பாளாடி?”

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், சாகலை, காணோம், சாகலை, காணோம் என்று. தொண்டை கட்டிவிட்டது. சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்டுவிட்டு, “பாவம், புத்தி பேதலிச்சுட்டு” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போகிறார்கள். போட்ட பந்தலைப் பிரித்தார்கள். போட்ட பேச்சை யார் பிரிப்பது? குளத்தில் விழுந்துவிட்டார் என்கிறான் ஒருத்தன். மலைக்குப் போய் யானை மிதித்துவிட்டது என்கிறான் இன்னொருத்தன்.

ஏட்டையாவுக்கு அதுக்கப்புறம் கேட்கவா வேண்டும். “மறைவுன்னு நீங்களே தேதி போட்டு ஊர் பூரா ஒட்டியிருக்கீங்க. செத்தது நிசம்னா பாடி எங்க? சாகலைன்னா போஸ்டர் எதுக்கு? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கிறேன்” என்கிறார். பிளக்ஸ் கடை ஜெபராஜோ, “நீங்க சொன்னதைத்தானே பெரியம்மா போட்டேன்” என்கிறான். ஆக, எல்லாரும் சரி. நான் ஒருத்திதான் தப்பு.

என் நெற்றியைப் பாருங்க. குங்குமம் இருக்கிறதா? கழுத்தில் தாலி இருக்கிறதா? எதிர்வீட்டில் வளைகாப்பு நடந்தது. நானும் போய் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். வளையல் தட்டு ஒவ்வொருத்தராக வருகிறது. எனக்கு இந்தப் பக்கம் இருக்கிறவள் கையில் கொடுத்தார்கள், அந்தப் பக்கம் இருக்கிறவள் கையில் கொடுத்தார்கள். நடுவில் நான் ஒருத்தி இருக்கிறேன், என் மடிக்கு மேலேயே தட்டு தாண்டிப் போகிறது. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால்கூடப் பதில் சொல்லலாம். இந்த முப்பிடாதி இருக்கிறாளே, தினமும் நான் கேட்காமலே பூ நறுக்கித் தருகிறவள், இப்போது கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு, “சாமிக்குத்தானேக்கா?” என்று ஒரு தரம் கேட்டுக்கொள்கிறாள். நான் பூ வைப்பதற்கு அவர் கிடைத்தாக வேண்டும். அவர் வந்து என் பக்கத்தில் நின்று, ஊர் அதைப் பார்த்தாக வேண்டும். வேறு வழி இல்லை எனக்கு.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்பீங்க. மகள் உமையாள் மதுரையில் இருக்கிறாள், போனில் அழுவாள், “இங்க வந்துடும்மா” என்பாள். குகன் அழவில்லை. “அம்மா, அப்பா நல்லாத்தான் இருப்பாரு. நீ அலையாத. சாப்பாட்டுக்கெல்லாம் ஒண்ணும் குறை இருக்காது” என்றான். அவ்வளவு உறுதியாகச் சொன்னான். எப்படிடா தெரியும் என்று கேட்டால், “எனக்குத் தோணுது” என்கிறான். பிள்ளைக்கு அப்படி ஒரு தெய்வ நம்பிக்கை. அது என்னிடம் இருந்து வந்தது.

சரி, சொர்ணத்தாய் விஷயத்துக்கு வருகிறேன். முப்பிடாதி சொன்ன அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் தாயத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாம சொல்லு தாயி, எப்படி இருந்தார்?”

“கைலி கட்டியிருந்தாருக்கா. பெஞ்சுல உக்காந்து புரோட்டாவைப் பிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல ரெட்டை ஆம்லெட்டு. மேஜை மேல ஒரு ரேடியோ பாடிக்கிட்டு இருந்துச்சு. கல்லுக்கிட்ட நின்ன மாஸ்டர் என்னமோ சொல்ல, சத்தமாச் சிரிச்சாருக்கா. அங்கதான் எனக்குக் குலை நடுங்கிப் போச்சு.”

“சிரிச்சதுக்கு எதுக்கு நடுங்கணும்?”

“லைன்மேன் அண்ணாச்சி என்னைக்குக்கா சிரிச்சாரு? அதை வச்சுத்தானே பேய்னு கண்டுக்கிட்டேன்.”

கேளுங்க கதையை. அவர் சிரிக்காத மனுஷர் இல்லை. வீட்டில் சிரிக்கிற மாதிரி என்ன இருக்கிறது, அதனால் சிரிப்பதில்லை. ஆனால் ஒன்று. சொர்ணத்தாய் முகத்தைப் பார்த்தது நிஜம், தட்டைப் பார்த்தது தப்பு. அது வேறு யாருடைய ஆம்லெட்டோ. முருகனுக்குக் கொடுத்த வாக்கை அவர் மீற மாட்டார். ரேடியோ என்று சொன்னாள் பாருங்க, அதில்தான் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திருடன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். இவர் அவனைத் துரத்திக்கொண்டு புளியங்குடி வரைக்கும் போயிருக்கிறார். அன்றைக்கு நிலைப்படியில் நின்று நீளமாகச் சொன்னது அதுவாகத்தான் இருக்கும். ரேடியோ கையில் கிடைத்துவிட்டது, திருடன் கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் அங்கேயே நிற்கிறார். இதை ஏட்டையாவிடம் போய்ச் சொன்னால், “பாத்தவளைக் கூட்டிட்டு வாங்கம்மா” என்கிறார்.

சொர்ணத்தாயையும் கெஞ்சிக் கூத்தாடி ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வரமாட்டேன் என்றாள். “பேயைப் பாத்தேன்னு சொன்னா என்னைய உள்ள வச்சுருவாங்கக்கா” என்றாள். உள்ளே போனதும் ஏட்டையா முதலில் கேட்ட கேள்வி, “கால் தரையில பட்டுச்சா?”

“பாக்கலை சார், மேஜை மறைச்சிருந்துச்சு.”

“நிழல் விழுந்துச்சா?”

“உச்சி வெயிலு சார், யாருக்குமே நிழல் இல்ல.”

“ஏட்டையா, அவ ஆளைப் பாத்திருக்கா. பேயை இல்ல” என்றேன் நான்.

“நீ சொல்லும்மா. பேயா, ஆளா?”

சொர்ணத்தாய் என்னைப் பார்த்தாள், ஏட்டையாவைப் பார்த்தாள், தாயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “பேய்தான் சார். ஆளுன்னு சொல்லி, நாளைக்கு அது என்கிட்ட வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?” என்றாள்.

ஏட்டையா கையை விரித்தார். “பேயைப் பாத்ததாத்தான் சாட்சி இருக்கு. பேயைத் தேட எனக்கு அதிகாரம் இல்லம்மா.”

நான் ஸ்டேஷன் படியில் இறங்கும்போதே முருகனிடம் சொன்னேன். ‘இனி உன்னிடம்தான் வழக்கு. அவரைக் கொண்டுவந்து சேர், வந்த நாளில் இருந்து ஒரு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேளைச் சாப்பாடு, பேச்சில்லாமல் மௌனம்’ என்று. வழக்கம்போல அவரையும் சேர்த்துத்தான் வேண்டியிருக்கிறேன். அவர் மறுக்க மாட்டார்.

அதற்குப் பிறகு நானே கிளம்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, இந்த பஸ்ஸைப் பிடித்துப் புளியங்குடி. முதல் தடவை போனபோது அந்தக் கடையைக் கண்டுபிடித்து, அந்த மாஸ்டரிடம் போட்டோவை நீட்டினேன்.

“மாலையோட இருக்காரே, இறந்துட்டாரா?” என்றார்.

“இல்லைங்க, காணோம்.”

கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க யாரும்மா?”

“அவர் வீட்டுக்காரி.”

“ஓ” என்றார். படத்தைத் திருப்பிக் கொடுத்தார். “இல்லம்மா, இப்படி ஒரு ஆளை நான் பாத்ததில்ல. வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க. டேய், அம்மாவுக்கு ஒரு டீ... வேண்டாம் வேண்டாம், வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற வரைக்கும் பச்சத் தண்ணிகூடத் தொட மாட்டீங்கல்ல. சும்மா உக்காருங்க.”

எவ்வளவு நல்ல மனுஷர் பாருங்க. முன்பின் தெரியாதவர், என் நெற்றியைப் பார்த்தே என் விரதத்தைச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் இத்தனை வருஷம் கூட இருந்தவர்களுக்கு அந்த மரியாதை தெரியவில்லை. அவரும் பாவம், ஆளைப் பார்த்ததில்லை என்கிறார், என்ன செய்ய முடியும்? ஆனால் எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் நான் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஜனத்தை விலக்கி, மெதுவாக நடந்து கடைக்குப் போய்ச் சேர்கிறேன். ஒவ்வொரு தடவையும் உள் பெஞ்சில் ஒரு இலை மட்டும் பாதியில் கிடக்கிறது. சூடுகூட ஆறியிருக்காது. யாரோ அவசரமாக எழுந்து போன மாதிரி. ‘யார் சாப்பிட்டது?’ என்று கேட்டால், மாஸ்டர் இலையை மடித்து எடுத்துக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரும்மா” என்கிறார். வாராவாரம் இப்படி ஒரு பஸ்.

என் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை என்று நான் சொன்னேன் இல்லையா, நீங்க இவ்வளவு நேரம் கேட்டீங்க. நன்றாக இருப்பீங்க.

அந்தா, பாலம் வந்துவிட்டது. இதைத் தாண்டினால் ஊர். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புவதற்கு முன்னாலேயே அந்தக் கடை வந்துவிடும், இடது கை ஓரம், உங்க பக்கம். இங்கே இருந்து பார்த்தால் முன்னால் இருக்கிறவர் தலைதான் தெரிகிறது. கொஞ்சம் எழுந்துக்கோங்கம்மா. கடை தாண்டுகிற வரைக்கும் நான் அந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.